வெடிக்காத கடுகு

கோதுமையை நான் அதுவரை பயிராகப் பார்த்ததைவிடப் பூரியாகப் பார்த்ததுதான் அதிகம். அப்படிப்பட்டவனை அமீரகத்துக்கு வரவழைத்து, "எங்கள் கோதுமைக்கு என்ன வியாதி?" என்று கேட்டார்கள் என்றால், முழுப் பொறுப்பும் என் தங்கை கணவருடையது.

மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் ஓர் அரபியின் கம்பெனியில் வேலை. அந்த அரபிக்கு லாரிகள், கிடங்குகள் போக, புஜைரா செல்லும் வழியில் மலைகளுக்கு நடுவே ஒரு தோட்டமும் உண்டு. அவருடைய தம்பி பந்தய ஒட்டகம் வளர்த்துப் பேர் வாங்கிவிட்டதால், இவர் கோதுமை வளர்த்துப் பேர் வாங்க நினைத்தார். கோதுமையோ திட்டுத் திட்டாகச் செத்துக்கொண்டிருந்தது. முதலாளி முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காத மாப்பிள்ளை, "என் மச்சான் பயிர் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. வேளாண் கல்லூரி ஒன்றின் பயிர் நோய்ப் பிரிவில் இருபது வருடமாகக் கண்ணாடித் தட்டுகளில் பூசணம் வளர்க்கிறவன். கேழ்வரகு, சோளம், நிலக்கடலை இவற்றின் வேரையும் அடித்தண்டையும் மண்ணுக்குள்ளிருந்து தின்கிற பூசணங்களோடுதான் என் சகவாசம். வீட்டில் ரொட்டி பூத்துப் போனாலும் முதலில் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஏட்டைப் பாதியில் கரையான் தின்றுவிட்டது. கரையான் பூசணம் இல்லை என்பதால் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாள் விமானத்தில் வந்த நேரத்தைவிட, துபாயிலிருந்து ஷார்ஜாவுக்குக் காரில் நகர்ந்த நேரம் கொஞ்சம்தான் குறைவு. ஆறு வரிசைச் சாலை. ஆறிலும் கார்கள் நின்றன. எங்கள் ஊரில் ஒற்றைச் சாலையில் ஒரே ஒரு மாட்டு வண்டி செய்கிற காரியத்தை இவர்கள் இத்தனை செலவழித்துச் செய்திருந்தார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தங்கை பாசத்தோடு பூரி சுட்டு வைத்திருந்தாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் காதில் விழும், வாயில் வராது. என் பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "மாமா, நீங்க போற இடத்துக்கெல்லாம் கிருமியைக் கூட்டிட்டுப் போவீங்களாமே, நிஜமா?"

"கிருமி இல்லைம்மா, பூசணம்" என்றேன் கௌரவத்தோடு. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாள் தோட்டத்து பிக்கப் வந்தது. ஓட்டியவர் பெஷாவர்க்காரர், எல்லோரும் கான் பாய் என்றார்கள். ஷார்ஜா தொழில்பேட்டையின் டயர்க் கடைகளை வரிசையாகக் கடந்து, பாலைவனத்தைத் தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் பின் டயர் வெடித்தது.

"ஸ்டெப்னி?" என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அது ஒன்றுதான் உருப்படியான சொல்.

"நாங்கள் தங்கும் கேம்பில் இருக்கிறது. அதன் மேல்தான் கேரம் போர்டு வைத்திருக்கிறோம்" என்றார் கான் பாய். குற்ற உணர்ச்சியின் சாயல்கூட முகத்தில் இல்லை.

அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் டயரையும் கான் பாயையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் சாலையோரக் கஃபடீரியாவில் முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டாவோடும், பால் இல்லாத சுலைமானி டீயோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மலைகளில் ஒரு புல்கூட இல்லை. உரித்துப் போட்ட மலைகள். இந்த ஊரில் ஒரு பூசணம் பிழைக்க வேண்டுமென்றால் அதற்கு நிஜமாகவே திறமை வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்த கான் பாய் டயரை மாட்டிக்கொண்டே தத்துவம் சொன்னார்: "சாப், நோய் வந்தால் பயிர் சாகும். வராவிட்டால் ஆடு தின்னும். இதற்கு எதற்கு டாக்டர்?"

தோட்டத்து வாசலில் ஃபோர்மேன் ஜார்ஜ் நின்றிருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், பம்ப் மெக்கானிக்காக வந்து ஃபோர்மேன் ஆனவர்.

"சார் வந்தாச்சா? பயிரெல்லாம் போச்சு, கேட்டியளா! தண்ணி விடாம போட்டதாக்கும். தா நிக்கானே, இவனுக்குத்தான் தண்ணி டியூட்டி. ஒறங்கிப் போனான். அர்பாபுகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன்."

அர்பாப் என்றால் முதலாளி. ஜார்ஜ் கை காட்டிய ஆள், மண்வெட்டியோடு பத்தடி தள்ளி நின்றார். நாற்பது வயதிருக்கும். பெயர் முத்திருளன்; முதுகுளத்தூர்ப் பக்கம்.

"நான் தூங்கல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மிச்சத்தை ஜார்ஜ்தான் சொன்னார். முத்திருளன் ஊரில் வீடு கட்டியிருக்கிறார். நாலு வருடமாக இங்கிருந்தே ஃபோனில் கட்டிய வீடு. தை கடைசியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட அவருக்கு இன்னும் தெரியாது. பயிர் செத்ததும் அர்பாப் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "கலாஸ். லீவு மாஃபி" என்று சொல்லிவிட்டாராம்; முடிந்தது, லீவு இல்லை என்று அர்த்தம். டாக்டர் வந்து காரணம் சொல்லட்டும், ஆள் தூங்கியது நிஜமென்றால் விசாவும் கேன்சல்.

அதாவது பூரி தின்றுவிட்டுப் பொழுது போக்க வந்தவன் கையில் ஓர் ஆளின் கிரகப்பிரவேசம் இருந்தது.  

வயலுக்குள் இறங்கினேன். ஒரு சிமெண்டுத் தொட்டி. அதிலிருந்து புறப்படும் வாய்க்கால். வாய்க்காலின் இரண்டு பக்கமும் கோதுமைப் பாத்திகள். அந்தப் பக்கம், வரப்பைத் தாண்டி, பார்லி. பார்லிக்குத் தண்ணீர் வேறு குழாயில் நேராகக் கிணற்றிலிருந்து வந்தது; அது சௌக்கியமாக இருந்தது. கோதுமையில் முறம் முறமாக வெளுத்த திட்டுகள். தொட்டிக்குப் பக்கத்தில் நிறைய, தள்ளிப் போகப் போகக் குறைவு, கடைசிப் பாத்தியில் ஒன்றுமே இல்லை.

கோதுமை தெரியாவிட்டாலும் வாய்க்கால் எனக்குத் தெரியும். "ஜார்ஜ், தண்ணீர் விடாமல் பயிர் செத்தால் எங்கே சாக வேண்டும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் சாவும்."

முத்திருளன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கடமடையில சாகணும் சார். இங்கன வாய்மடையில செத்துருக்கு."

அதேதான். தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில் பயிர் செத்து, கடைசியாகப் போகிற இடத்தில் பச்சையாக நின்றால், தண்ணீர் குறைந்ததால் வந்த சாவு இல்லை அது. தண்ணீரோடு வந்த சாவு. ஜார்ஜ் தொட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்போ நான் சொன்னது தப்பா?" என்று தொட்டியிடம் கேட்டார்.

ஒரு பயிரைப் பிடுங்கினேன். கையோடு வந்துவிட்டது. மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளைப் பஞ்சு நூல் விசிறி மாதிரி படர்ந்திருந்தது; அதன் மேல் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கேழ்வரகிலும் கடலையிலும் இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே முகம்! அடித்தண்டு அழுகல். வெளிநாட்டுக்கு வந்து, பாலைவனத்தைக் கடந்து, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தித்தது போல இருந்தது. அந்தக் கடுகுதான் பூசணத்தின் விதை மாதிரி. வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஈரம் பட்டதும் எழுந்து வரும்.

உற்சாகத்தில் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கேம்பு டீ வடிகட்டியால் மண்ணைச் சலித்து அரை ஸ்பூன் கடுகு சேர்த்து ஃபிலிம் ரோல் டப்பியில் போட்டுக்கொண்டேன். பேசிக்கொண்டே பார்லி வயலுக்குள்ளும் நடந்தேன். பூட்ஸில் ஈர மண் அப்பிக்கொண்டு கால் கனத்தது. வரப்பில் மூன்று இடத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டேன். முத்திருளன் என் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இது எப்பிடி இங்கிட்டு வந்துருக்கும்? காத்துல வருமோ?"

"காற்றில் வரவே வராது" என்றேன் பேராசிரியரைப் போல. "மண்ணோடுதான் வரும். யாராவது, எங்கிருந்தாவது, மண்ணைக் கொண்டு வந்து போட்டால்தான் உண்டு."

முத்திருளன் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். மதியம் கேம்பில் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். அவர் தட்டில் குபூஸ் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. அர்பாப் மறுநாள் காலை தோட்டத்துக்கு வருவார் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை என்னைப் பர் துபாய்க்குக் கூட்டிப்போனார். மீனா பஜாரில் புடவைகளும், கோயில் சந்தில் பூவும், எங்கு பார்த்தாலும் வெள்ளிக்கிழமைச் சட்டை போட்ட நம் ஆட்களுமாக இருந்தது. யாரும் எதையும் வாங்கவில்லை. யாரையாவது பார்க்க வந்திருந்தார்கள். கோயில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. என்னருகில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், "எதுனாலும் மாட்டிட்டு வாடா, எல்லாம் ஒரே கடையில வாங்குனதுதான்" என்றார். சர்வதேச ஒற்றுமை என்பது இதுதான் போலும்.

வீடு திரும்பியதும் சாப்பாடு. ரசம் பிரமாதம். இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தங்கை சொன்னாள்: "அண்ணே, ஊர்லேர்ந்து கொண்டாந்தியே, அந்தக் கடுகு சுத்த மோசம். எண்ணெயில போட்டா வெடிக்கவே இல்ல."

கரண்டி என் கையிலேயே நின்றது. "எந்தக் கடுகு?"

"அடுப்பு மேடைல ஒரு கருப்பு டப்பில வச்சிருந்தியே. இங்க கடுகு தீந்துபோச்சேன்னு எடுத்தேன். என்னண்ணே, முழிக்கிற?"

என் பூசணம் எதையும் ஃபிரிட்ஜில் மாவுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அவள்தான் முதல் நாளே தடை போட்டிருந்தாள். அதனால்தான் மேடைக்கு வந்தது. ஒரு மனிதனின் விசா, பாஸ்போர்ட், பால் காய்ச்சு எல்லாவற்றுக்குமான ஆதாரம் பெருங்காய வாசனையோடு என் தட்டில் மிதந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை எழுந்து போய் வாய் கொப்பளித்தார். "எண்ணெயில் பொரிந்த பூசணம் ஒன்றும் செய்யாது" என்று நான் அறிவியல்பூர்வமாகச் சொல்லியும் அந்த வீட்டில் அன்று வேறு யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். ருசியில் குறையில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். அர்பாப் வருவதற்குள் மறுபடி சலித்தாக வேண்டும். வடிகட்டியோடு இறங்கப்போனவனை முத்திருளன் தடுத்தார்.

"இங்கன வேணாம் சார். வாங்க."

பம்ப் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே அஞ்சு காலி பெயிண்ட் டின்கள். அடியில் காய்ந்த மண். ஒரு பிடி எடுத்து ஊதினேன். உள்ளங்கையில் கடுகு.

"ஆடியில மொளப்பாரி போட்டோம் சார்" என்றார் தரையைப் பார்த்தபடி. "ஊர்ல அன்னைக்கித்தான் அம்மனுக்குப் பொங்கல். நாங்க அஞ்சு பேரும் ஒரே பக்கத்து ஆளுக. ரூமுக்குள்ள இருட்டுல வச்சுத் தண்ணி தெளிச்சு வளத்தோம். அது பொம்பளையாளுக செய்ற வேல. இங்க பொம்பளைக்கு எங்கிட்டுப் போக?"

"மண்?"

"இந்த மணல்ல போட்டா ஆத்தா ஏத்துக்கிருவாளா சார்? வீட்டுக்குக் கதவு வைக்கிறதுக்கு முந்தி லீவுல போனப்ப எங்க கண்மாக் கரம்ப மண்ண ரெண்டு கிலோ பேக்குல வச்சுக் கொண்டாந்தேன். பக்கத்துல எல்லாம் கடலக்காடு."

கடலைக்காட்டு மண். எனக்கு மிச்சம் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்: "முளைப்பாரியை எங்கே கரைத்தீர்கள்?"

அவர் சிமெண்டுத் தொட்டியைப் பார்த்தார். "கண்மாய்லதான் கரைக்கணும். இங்க அது ஒண்ணுதான் சார் கண்மாயி."

மூட்டை மூட்டையாக மருந்தும் சோதனையுமாகப் பயிர் நோய் நிபுணர்கள் துறைமுகம் துறைமுகமாகக் காவல் இருக்க, பூசணம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பைக்குள் சுருண்டு வந்து இறங்கியிருக்கிறது. கார்த்திகையில் கோதுமை விதைத்ததும் தொட்டித் தண்ணீரோடு வாய்மடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் மண் மணக்கும் என்பார்கள். மணந்ததோ இல்லையோ, நன்றாக முளைத்தது.

ஜார்ஜ் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த டின்னு... நானாக்கும் சார் குடுத்தது. இவனுவளுக்குக் கும்மி தட்டத் தெரியாது. எங்க மாதா கோயில்ல பாட்டுக்குத் தட்டுவோம்லா, அந்தத் தட்டை நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நல்லாத் தட்டுனாரு சார்" என்று முத்திருளன் சான்றிதழ் கொடுத்தார். அந்த நிலையிலும்.

நான் நிபுணனாகத் தீர்மானித்தேன். "இதோ பாருங்கள். நோய் என்ன என்று சொல்வேன். தண்ணீர் குறையவில்லை என்று சொல்வேன். எப்படி வந்தது என்று கேட்டால் காற்றில் வந்தது என்று சொல்லிவிடலாம். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்."

"காத்துல வராதுன்னீகளே சார்."

"இன்றைக்கு வரும்."

அர்பாப் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது; வெள்ளை உடையில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குக் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டு, செத்த பயிரை முகர்ந்து பார்த்தார். வாய்மடையையும் கடைமடையையும் நடந்து காட்டினேன். ஜார்ஜ் அரபியில் மொழிபெயர்த்தார். ஆள் தூங்கவில்லை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. விவசாயம் தெரியாதவர் இல்லை. பிறகு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்: "என் நிலத்தில் இதற்கு முன் இது இல்லை. எங்கிருந்து வந்தது?"

நான் காற்றை நோக்கிக் கையை உயர்த்தினேன். அதற்குள் முத்திருளன் தன்னுடைய உடைந்த அரபியில் பேச ஆரம்பித்துவிட்டார். வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழ். தமிழும் தடுமாறிய இடத்தில் கை. பை என்று காட்டினார், மண் என்று காட்டினார், டின், தொட்டி, கும்பிடு. "அஞ்சு பேரு" என்று விரல்களை விரித்தார். ஆறாவது விரல் நீளவே இல்லை. ஆறாவது ஆள் பக்கத்தில் நின்று, வேர்த்து விறுவிறுத்து, அதை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தார்.

அர்பாப் தொட்டிவரை நடந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு விமான நிலையம் நினைவுக்கு வந்தது.

"இதை எதற்காகச் செய்தீர்கள்?" என்றார்.

"ஊர்ல மழை பெய்யணும்னு அர்பாப்."

"பெய்ததா?"

முத்திருளன் யோசித்தார். பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது; அதையும் அவர் விட்டுவிட்டார். "நல்ல மழை அர்பாப். கண்மாய் நெறஞ்சிருச்சு."

"மழை உன் ஊருக்கு, வியாதி என் வயலுக்கா?"

ஜார்ஜ் இதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அர்பாபின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. காருக்குப் போய், மேசையிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்து வந்து முத்திருளன் கையில் கொடுத்தார். "போய் வா. மண் கொண்டு வராதே. முடிந்தால் அந்த மழையைப் பையில் கொண்டு வா."

முத்திருளன் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தார். அது தான்தானா என்று சரிபார்க்கிறவர் மாதிரி.

அன்று மாலையே ஷார்ஜாவில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தொட்டியைக் கழுவுங்கள். ஆழ உழுது, கோடையில் பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள். உங்கள் ஊர் வெயிலில் பூசணம் என்ன, அதன் பாட்டனே வெந்துவிடும். கடைசிக் குறிப்பை இரட்டைக் கோடு போட்டு எழுதினேன்: நோய் வயலில் நடந்த காலோடு வேறு வயலை மிதிக்கக் கூடாது, பூட்ஸ் மண்ணை அங்கேயே கழுவிவிட்டு வர வேண்டும். தமிழிலும் ஒரு பிரதி எடுத்து ஜார்ஜுக்கு அனுப்பினேன், கேம்பில் ஒட்டி வைக்கச் சொல்லி. ஐந்தாம் நாள், தங்கை கொடுத்த பேரீச்சம்பழ டப்பாவோடும் அளவுக்கு மீறிய தன்மதிப்போடும் விமானம் ஏறினேன்.

அடுத்த தை மாதம் ஒரு மத்தியானம், கல்லூரியில் என் மேசை ஃபோன் அடித்தது.

"சார், முத்திருளன் பேசுறேன். நல்லாருக்கீகளா? போன தையிலயே பால் காச்சு நல்லபடியா முடிஞ்சுச்சு சார். கதவு உள்ளுக்குள்ள தெறக்குது."

"கோதுமை எப்படி?"

"சும்மா தகதகன்னு நிக்குது சார். ஒரு பயிரு சாகல. நீங்க எழுதிக் குடுத்தாப்லயே பிளாஸ்டிக் விரிச்சோம்." கொஞ்சம் தயங்கினார். "பார்லியிலதான் வந்துருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "பார்லியிலா? அது வேறு தண்ணீராயிற்றே! மறுபடி யார் மண் கொண்டு வந்தது?"

 

"வரப்போரமா மூணே மூணு எடத்துல சார். நீங்க ஒக்காந்து பூட்ஸத் தட்டுனீகள்ல, அங்கனக்குள்ள."

என் மேசைக்குக் கீழே அதே பூட்ஸ்தான் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் கேட்டேன்: "அர்பாப் பார்த்துவிட்டாரா?"

"பாத்துட்டாரு சார். எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"காத்துல வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."